முதல் இடி வரைக்கும்

சுப்புத்தாய்க்கும் அவள் கொழுந்தன் இசக்கிபாண்டிக்கும் இடையே தை மாதக் கடைசியில் ஒரு பேச்சு முடிவானது. கோடையின் முதல் இடி இடிக்கிற அன்று அவள் ஆட்டை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தால், மறுநாளே எல்லா ஆடுகளும் வியாபாரியின் வண்டியில் ஏறிவிடும். ஓடாமல் ஆட்டோடு நின்றுவிட்டால் ஆடுகள் அவளுக்கு. அதற்குப் பிறகு அவளை யாரும் தடுக்கக் கூடாது. என் காட்டு வரப்பில் நின்றுதான் இருவரும் பேசினார்கள். நடுவில் நான் நின்றேன். அன்று வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு பண்ணையில் மழையளவு எழுதும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர் எட்டயபுரம் போகிற வழியில் இருக்கிறது. சுப்புத்தாயைப் பற்றி இங்கே எழுதுவதில் நான் பார்த்தது பாதி, பிறர் சொன்னது பாதி. எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

அவள் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோதே அவளுடைய வாய் அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. ஆட்டுக்காரர் வீட்டில் பிறந்து ஆட்டுக்காரர் வீட்டுக்கு வந்தவள். புருஷன் செண்பகராஜ் பேசவே மாட்டான். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசினாள். வேம்பூர்ப் பொட்டாடுகள் அவர்களுடையவை. வெள்ளை உடம்பில் செம்மண்ணைத் தெளித்ததுபோல் புள்ளி. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தாள். மெதுவாக நடந்து, தான் போகிற வழியே எல்லோரும் வரவேண்டும் என்று நினைக்கிற கிடாவுக்குத் தாசில்தார் என்று பெயர். அடுத்த ஆட்டின் வாயில் இருப்பதைப் பிடுங்கித் தின்னும் பெட்டைக்கு நாத்தனா.

ஒருமுறை டவுன் பஸ்சில் நடத்துநர் அவளிடம், "ஏம்மா, ஆட்டு வாடை அடிக்குது, பின்னால போய் நில்லு" என்றார். நானும் அந்தப் பேருந்தில் இருந்தேன்.

"அண்ணாச்சி, ஆட்டுக்கறிக் குழம்பு ஊத்தும்போது மட்டும் மூக்க எங்கன கழட்டி வைப்பீக?" என்று கேட்டாள்.

பேருந்தே சிரித்தது. நடத்துநரும் சிரித்துவிட்டார். அவள் சிரிப்பாணி எல்லாவற்றையும் மீறிக்கொண்டு கேட்டது. காட்டில் அவள் சிரித்தால் அடுத்த புஞ்சையில் களை எடுக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அது நின்றுபோனது ஒரு சித்திரை மாதத்தில்.

கோடையில் அறுப்பு முடிந்த காடுகளில் ஆட்டுக் கிடை போடுவது இங்கே வழக்கம். பகலெல்லாம் மேய்த்து, பொழுது சாய ஒரு காட்டில் வலை கட்டி ஆடுகளை அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். நாளுக்கு நாள் வலையைத் தள்ளிக் கட்டிக் காடு முழுவதையும் மூடிவிடுவார்கள். கோடையில்தான் கிடை, கோடையில்தான் இடியும். மத்தியானம் வரை நெருப்பாய்க் காய்ந்துவிட்டு, மூன்று மணி தாண்டியதும் மேற்கே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வரும். மரம் அபூர்வமான கரிசல் காடு. நிற்கிற மனிதன்தான் அங்கே உயரம்.

இடிக்கும்போது கையில் இரும்பு இருக்கவேண்டும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வீட்டில் இருப்பவர்கள் அரிவாளையோ கடப்பாரையையோ வாசலில் தூக்கிப் போடுவார்கள். இடி அதைப் பார்த்து ஒதுங்கிப் போகுமாம். காட்டில் இருப்பவன் இரும்பைக் கையில் பிடித்துக்கொள்வான். ஆட்டுக்காரனிடம் எப்போதும் தொரட்டி இருக்கும். உடைமரக் கொப்பை ஆட்டுக்கு இழுத்துப் போடுகிற நீளக் கம்பு, நுனியில் இரும்புக் கொக்கி. அன்று காலையில் செண்பகராஜ் தொரட்டியை மறந்து வைத்துவிட்டுப் போனான். சுப்புத்தாய் அதை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை ஓடிப்போய்க் கொடுத்தாள். "வானம் ஒரு மாதிரியா இருக்கு, இரும்பு கையில இருக்கட்டும்" என்று சொன்னதை எதிர்வீட்டு வெயிலம்மாள் கேட்டிருக்கிறாள்.

சாயங்காலம் உடைமரத்தடியில் ஆடுகளைக் கூட்டி அணைத்து, தொரட்டியைத் தோளில் சாத்தி நின்றவன் மேல் இடி விழுந்தது. அவனை ஒட்டி நின்ற ஆடுகளும் அப்படியே படுத்துக்கிடந்தன. தூரத்தில் சிதறி நின்றவை பிழைத்தன. தாசில்தாரும் நாத்தனாவும் பிழைத்தவற்றில் சேர்த்தி.

மனிதர்கள் இப்படிச் சாகும்போது ஊர் ஒரு காரணம் தேடும். இடி பார்த்த வீட்டை இடி மறக்காது என்றார்கள். மிச்ச ஆடுகளைக் கோயிலுக்கு விடச் சொன்னார்கள். இசக்கிபாண்டி விடவில்லை, அவனே மேய்த்தான். சுப்புத்தாய் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். காலையில் வேன் வரும், ஏறுவாள். பொழுது அடையத் திரும்பி வருவாள். மகள் முத்துசெல்வி கோவில்பட்டியில் விடுதியில் தங்கிப் படித்தாள். மூன்று வருஷம் சுப்புத்தாயின் குரல் தெருவில் கேட்கவில்லை.

அவளோடு வேலை பார்த்த பேபி சொன்னது இது: "அண்ணாச்சி, இடிச்சா போதும், பெட்டி அடுக்குத மேசைக்கு அடியில போயி உக்காந்துக்கிடுவா. காதப் பொத்திக்கிட்டு உதட்ட மட்டும் அசைப்பா. மொதல்ல நாங்க சிரிச்சோம். அப்புறம் ஒருநாள் குனிஞ்சு என்ன சொல்லுதான்னு கேட்டேன். 'நாந்தான் கொடுத்தேன், நாந்தான் கொடுத்தேன்'ங்கா. பெறகு யாரும் சிரிக்கல."

பேபிதான், வரப்பில் அந்தப் பேச்சு முடிவாவதற்குக் காரணமான தை மாதக் காலையையும் சொன்னாள். வேன் போய்க்கொண்டிருந்தபோது சாலையை அடைத்துக்கொண்டு ஆடுகள் நின்றனவாம். ஓட்டுநர் ஒலி எழுப்ப எழுப்ப ஆடுகள் இன்னும் நெருக்கிக்கொண்டு நின்றன. பின்னால் லாரிகள். இசக்கிபாண்டி அந்த முனையில் நின்று கத்திக்கொண்டிருந்தான். பெண்கள் நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். சுப்புத்தாய் சன்னல் வழியே தலையை நீட்டினாள். நாக்கை மேலண்ணத்தில் தட்டி, "ட்ரூவ்வேய்" என்று ஒரு குரல் கொடுத்தாள். முன்னால் நின்ற கிடா தலையைத் தூக்கியது. திரும்பி வேனை நோக்கி நடந்தது. அதன் பின்னால் மொத்த ஆடும் வந்து வேனைச் சுற்றிக்கொண்டது.

"ஏட்டி, ஒம் மாப்பிள்ள வீட்டுக்காரவுக வந்துட்டாக, எறங்கு" என்று பேபி கேலி செய்தாள்.

"மாப்பிள்ள இல்லட்டி, தாசில்தாரு. மனு வாங்க வந்திருக்காரு" என்றாள் சுப்புத்தாய்.

மூன்று வருஷத்தில் அவள் பேசிய முதல் கேலி. சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். தூக்குச்சட்டியை வேனிலேயே விட்டுவிட்டு ஆடுகளோடு நடந்தாள். அதற்குப் பிறகு வேனில் ஏறவில்லை.

இசக்கிபாண்டி கெட்டவன் இல்லை. அவனுக்குப் பயம். என் வரப்பில் நின்று அவன் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "மதினி, எங்க அண்ணன வானம் கொண்டுபோயிட்டு. ஒங்களையும் கொடுத்துட்டு முத்துசெல்விக்கு நான் என்ன பதில் சொல்ல? ஆட்ட வித்துட்டு ஒரு லோடு ஆட்டோ எடுக்கலாம்னு இருக்கேன். இடி இடிச்சா ஒங்களுக்கு ஒடம்பு என்ன ஆகுதுன்னு ஊருக்கே தெரியும். காட்டுல நிக்க முடியுமா ஒங்களால?"

"முடியாதுன்னா ஓடி வந்துருவேன். அன்னைக்கு வித்துக்கிடுங்க கொழுந்தனாரே" என்றாள்.

"மொத இடிக்கே ஓடி வருவீங்க."

"வந்தா வித்துக்கிடுங்கன்னுதான சொல்லுதேன்."

கிடை போட இடம் கிடைப்பதும் எளிதாக இல்லை. மாயகிருஷ்ணன் வருஷாவருஷம் தன் காட்டில் கிடை போடச் சொல்லி ஆள் அனுப்புகிறவர். இந்த முறை அவளைக் கண்டதும் கையை ஆட்டினார். "வத்தும்மா, வத்து" என்று வீட்டுத் தெலுங்கில் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தமிழுக்கு வந்தார். "ஒன் மேல எனக்குக் கோபமில்ல. இடி விழுந்த கிடை. வானம் என் காட்டத் தேடி வரும்." அதனால்தான் கிடை என் காட்டுக்கு வந்தது. என் வீட்டிலும் எனக்கு நல்ல பேச்சுக் கிடைக்கவில்லை.

மாசி முழுவதும் நான் காலையில் காட்டுக்குப் போகும்போது அவள் குரல் எனக்கு முன்னால் கேட்டது. முதலில் ஆட்டைக் கூப்பிடுவது மட்டும். பிறகு ஏச்சு. "நாத்தனா, வாயில இருக்கதே முழுங்கல, அடுத்தவ வாயில என்ன பார்வ?" பிறகு, ஒருநாள், சிரிப்பாணி. மிளகாய் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்ததை நான் கண்டேன். அவள் முகம் கறுத்துப் பளபளத்தது. நடை மாறியிருந்தது. கையில் வெறும் மூங்கில் கம்பு மட்டும் வைத்திருந்தாள், தொரட்டி இல்லை. இரும்பில்லாமல் காட்டில் திரிந்தால் காத்து கருப்பு அண்டும் என்று மற்ற ஆட்டுக்காரர்கள் சொன்னார்கள். "என்னய அண்டுனா அதுக்குத்தான் பேய் பிடிக்கும்" என்றாள்.

அவள் சந்தோஷம் ஏற ஏற நான் வானத்தைப் பார்ப்பதும் அதிகமானது. பங்குனியில் கரிசல் வெடிக்கத் தொடங்கியது. கை நுழைகிற வெடிப்பு, பிறகு கால் நுழைகிற வெடிப்பு. காற்று அறவே நின்றது. பொழுது சாயும் நேரத்தில் மேற்கு விளிம்பில் சத்தமில்லாமல் மின்னல் கொடி ஓடிவிட்டு அணையும். அது எங்கேயோ பெய்கிற மழை, நமக்கு இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் அவள் பேச்சு நடுவில் அறுந்துவிடும். கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். மேற்கே பார்க்கவே மாட்டாள்.

ஒருநாள் நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு, "அண்ணாச்சி, அப்படி அண்ணாந்து பாத்தா கழுத்து சுளுக்கும். வாரது சொல்லிட்டா வருது?" என்றாள்.

சொல்லிவிட்டுத்தான் வந்தது. சித்திரை பிறந்ததும் முத்துசெல்வி தினமும் கைபேசியில் வருகிற வானிலைச் செய்தியைப் பார்த்துவிட்டு அம்மாவுக்குப் பேசினாள். அன்று நான் பக்கத்தில் இருந்தேன். ஒலிபெருக்கியில் மகள் குரல் கேட்டது.

"அம்மா, நம்ம மாவட்டத்துக்கு மஞ்சள் எச்சரிக்கை போட்டிருக்கு. இடி மின்னலாம். ஆட்ட சித்தப்பாகிட்ட விட்டுட்டு வீட்டுக்குப் போம்மா."

"மஞ்சளா? எனக்கு மஞ்ச ஆகாதுன்னு மூணு வருசம் முன்னாலயே சொல்லிட்டாக. வானத்துக்கு மட்டும் யாரும் சொல்லலையா ஏட்டி?"

"விளையாடாதம்மா."

"வெளையாடல" என்று சொல்லி அணைத்துவிட்டாள். சிரித்தபடி சொன்னாள், ஆனால் கைபேசியை மடியில் செருக மூன்று தடவை முயற்சி செய்தாள். நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊருக்குள் வந்துவிட்டேன். நான் வீட்டுக்குள் நுழைந்து கை கழுவுவதற்குள் வெளியே வெயில் போய்விட்டது. கோழிகள் கூட்டுக்குப் போயின. பிறகு இடித்தது. பாத்திரங்கள் அதிர்ந்தன. என் வீட்டில் கடப்பாரையை வாசலில் தூக்கிப் போட்டார்கள்.

இனி வருவது சுப்புத்தாயும் இசக்கிபாண்டியும் தனித்தனியாக என்னிடம் சொன்னது.

முதல் இடி கேட்டதும் இசக்கிபாண்டி வியாபாரிக்குப் பேசி, காலையில் வண்டியோடு வரச் சொல்லிவிட்டான். மதினி வரும் வழியில் விழுந்து கிடப்பாள் என்று நினைத்து பைக்கை எடுத்துக்கொண்டு எதிரே போனான். வழியில் அவள் இல்லை. காட்டுக்கே வந்துவிட்டான். அங்கே அவள் ஓடை மேட்டில் உட்கார்ந்திருந்தாள். காதைப் பொத்தியிருந்தாள். உடம்பு குலுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சில ஆடுகள். மற்றவை சிதறி ஓடிக்கொண்டிருந்தன.

ஆட்டுக்காரன் என்ன செய்வானோ அதையே அவன் செய்தான். கிடைக் குடிசையில் இருந்த தன் தொரட்டியை எடுத்துக்கொண்டான். வரப்பில் நிற்கிற ஒற்றை வேம்புக்கு ஆடுகளை ஓட்டினான். மத்தியான நேரத்தில் அவை படுத்து அசைபோடுகிற நிழல் அது, ஓட்டாமலே போகும். தாசில்தார் முன்னால் போனது. எல்லாவற்றையும் மரத்தடியில் நெருக்கி அணைத்து, தொரட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு கூப்பிட்டான்.

"மதினி! இங்கன வாங்க! மரத்துக்கு வாங்க!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மரம். மரத்தடியில் ஆடுகள். நடுவில் அதே உயரத்தில், அதே சாயலில், தோளில் தொரட்டியோடு ஒருவன். "அவியதான் நிக்காகன்னு நெனச்சேன் அண்ணாச்சி. ஒரு நிமிசம் அவியளேதான்" என்று என்னிடம் சொன்னாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த மின்னல் தரையை வெள்ளையாக்கிவிட்டுப் போனது. அவள் எழுந்து நின்றாள். காதிலிருந்து கையை எடுத்தாள். கத்தினாள்.

என்ன கத்தினாள் என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. கொழுந்தனை ஒருநாளும் மரியாதை இல்லாமல் பேசாதவள் நான் என்கிறாள் அவள். இசக்கிபாண்டி சொன்னது வேறு. எனக்கு அவன் சொன்னதே நம்பும்படி இருக்கிறது.

"ஏலே இசக்கி! அந்த இரும்பத் தூக்கி எறிலே! மரத்த விட்டு வெளிய வாலே, எடுபட்ட பயலே!"

"மதினி, நனையாதீங்க, இங்கன..."

"மாமியா முந்தானைக்குள்ள ஒளிஞ்ச மருமவன் மாதிரி மரத்தடியில நிக்கியே, வெக்கமா இல்ல? ஒங்க அண்ணன் நின்னது போதாதா? எறிலே இரும்ப!"

அவன் அசையவில்லை. காலும் கையும் வரவில்லை என்கிறான். அவள் அவனை விட்டுவிட்டு ஆட்டைக் கூப்பிட்டாள். "ட்ரூவ்வேய்! ஏ தாசில்தாரு! ஆபீஸ் மூடியாச்சு, வெளிய வாரும்!" காற்றிலும் மழையிலும் அந்தக் குரல் எப்படிப் போனதோ, கிடா திரும்பியது. இடி இடிக்கும்போது ஆடு மரத்தை விட்டு வெளியே வருமா என்று நான் வேறு ஆட்டுக்காரர்களிடம் விசாரித்தேன். வராது என்றார்கள். வந்தது. ஒன்றன் பின் ஒன்றாக எல்லாம் மேட்டை விட்டிறங்கி ஓடைப் பள்ளத்தை நோக்கி ஓடின. அவள் கம்பால் அடித்து அடித்து அவற்றை நெருங்கவிடாமல் பிரித்துவிட்டாள். மரத்தடியில் இசக்கிபாண்டி மட்டும் தனியாக நின்றான்.

"ஆடே வந்துட்டு. ஒனக்கு என்னலே இன்னும் அங்க சோலி?"

அவன் தொரட்டியை எறிந்துவிட்டு ஓடினான். வெடிப்பில் கால் மாட்டி விழுந்தான், எழுந்தான், பள்ளத்தில் வந்து குப்புறப் படுத்தான். அவளும் முழங்காலைக் கட்டிக்கொண்டு குத்தவைத்தாள்.

இடி விழுந்தது. வேம்பில் இல்லை. ஓடைக்கு அக்கரையில் நின்ற பனையில், வேம்பைவிட அவர்களுக்குப் பக்கத்தில் விழுந்தது. சத்தம் கேட்கவே இல்லை என்கிறார்கள் இருவரும். மண்ணிலிருந்து ஏதோ ஒன்று உள்ளங்கால் வழியே ஏறியது. கண் திறந்தபோது பனையின் தலை மழையிலும் எரிந்துகொண்டிருந்தது. அக்கரைப் பக்கம் ஒதுங்கியிருந்த ஒரு பெட்டை ஆடு எழுந்திருக்கவில்லை. அது நாத்தனா.

வெகுநேரம் கழித்து இசக்கிபாண்டி தலையைத் தூக்கிச் சொன்னான்: "மரத்துல விழலையே மதினி."

"விழலைன்னு வருத்தமா?"

சொன்னவுடன் அவளுக்குச் சிரிப்பு வந்தது. செத்த ஆட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் ஒழுகச் சிரித்தாள்.

"சிரிக்காதீங்க மதினி. பாக்க பயமா இருக்கு."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. கால் ரெண்டும் எங்க கிடக்குன்னே தெரியல. அதுக்குச் சிரிக்கக் கூடாதா?"

மறுநாள் காலையில், பழைய வேலைப் பழக்கத்தில் என் காட்டில் வைத்திருக்கிற மழைமானியைப் பார்க்கப் போனேன். நல்ல மழை. வேப்பமரத்தை நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்தேன். ஓர் இலைகூடக் கருகவில்லை. அதை அவளிடம் சொன்னேன்.

"தெரியும் அண்ணாச்சி. நானும் பாத்தேன்" என்றாள். "அடுத்த தடவ எங்க விழும்னு அதுல எழுதியிருக்கா என்ன?"

வியாபாரியின் வண்டி அப்போதுதான் வந்தது. முந்தின நாள் நடந்ததில், வரவேண்டாம் என்று அவருக்குச் சொல்ல இசக்கிபாண்டி மறந்துவிட்டான். ஓட்டுநர் வழி தெரியாமல் சாலையை விட்டு நேரே காட்டுக்குள் இறக்கிவிட்டார். நனைந்த கரிசல் சக்கரத்தில் அப்பிக்கொண்டது. வண்டி அச்சு வரை புதைந்தது.

வியாபாரி இறங்கி வந்து, "ஆடு எங்க? ஏத்துவமா?" என்று கேட்டார்.

இசக்கிபாண்டி மண்ணைப் பார்த்தான். மதினியைப் பார்த்தான். பிறகு தெளிவாகச் சொன்னான்: "ஆடு என்னோடது இல்ல அண்ணாச்சி. அவியளோடது. அவியள கேளுங்க."

"மொதல்ல ஒங்க வண்டி இங்கருந்து போகுமான்னு பாப்போம்" என்றாள் சுப்புத்தாய். "இல்லைன்னா அதையும் ஆட்டோட சேத்து வலைக்குள்ள அடைக்க வேண்டியதுதான்."

உடைக்கொப்பு வெட்டிச் சக்கரத்துக்கு அடியில் போட்டு, நாங்கள் எல்லோரும் தள்ளினோம். அவளும் தோள் கொடுத்தாள். தள்ளியதைவிட ஏசியதுதான் அதிகம். வியாபாரிக்கு முழங்கால் வரை சேறு. வெறும் வண்டி தார்ச்சாலையில் ஏறியபோது உச்சி தாண்டிவிட்டது. வெயில் மறுபடியும் ஊசியாய்க் குத்தியது. ஈர மண்ணிலிருந்து ஆவி கிளம்பியது. மேற்கே மலைப்பக்கம் நேற்றைப் போலவே கறுத்துக்கொண்டிருந்தது.

தூரத்தில் முழங்கியது.

அவள் கை நடுங்கியதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்; மறைக்கவில்லை. நடுங்குகிற கையாலேயே வலையின் முளைக்குச்சியைப் பிடுங்கி, சேற்றை வழித்து எறிந்துவிட்டு, வேம்புக்கு எட்டாத தூரமாகப் பார்த்து அடுத்த இடத்தில் ஊன்றத் தொடங்கினாள். இசக்கிபாண்டி வலையின் மறுமுனையை இழுத்துக்கொண்டு பின்னால் போனான்.